தனுஷ்கோடி மாதிரி பேரழிவு நடந்த இடத்தில் நினைவுப்பொருள் விற்பது சரியா?

கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் தாண்டிப் போக முடியவில்லை. "1964 புயலில் அத்தனை பேர் செத்த தனுஷ்கோடியில் கீ செயினும் பொம்மையும் விற்கிறார்களே, மனசாட்சி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைகளில் ஒன்று என்னுடையது.

நீங்கள் அநேகமாக காரில் வந்திருப்பீர்கள். நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை போய் போட்டோ எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் இடிந்த தேவாலயத்தில் இறங்கியிருப்பீர்கள். கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் நின்றபோது மனசு என்னவோ செய்திருக்கும். வெளியே வந்ததும் "வாங்க சார், அம்பது ரூபாய்தான்" என்று யாரோ கூப்பிட்டிருப்பார்கள். சுருக்கென்று இருந்திருக்கும். கூப்பிட்டது நானாகக்கூட இருக்கலாம். உங்களுக்கு வந்த சங்கடம் தப்பில்லை. ஆனால் "பிணத்தின் மேல் பிழைப்பு" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தாத்தா இங்கே போர்ட்டர். மெட்ராஸிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து இறங்குகிறவர்களின் பெட்டி படுக்கையை இலங்கையிலுள்ள தலைமன்னாருக்குப் போகிற கப்பலில் ஏற்றுகிற வேலை. ரயில்வே ஸ்டேஷன், துறைமுகம், கஸ்டம்ஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாம் இருந்த ஊர் இது. டிசம்பர் 22 ராத்திரி கடல் உள்ளே வந்தபோது அப்பத்தா கையில் இருந்தது என் அப்பா மட்டும், மூன்று வயது. மணல் மேட்டில் ஏறி விடிய விடியக் கிடந்திருக்கிறார்கள். தாத்தாவும் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும் அப்பத்தா சில வருஷத்தில் இங்கேயே திரும்பி வந்து குடிசை போட்டது. கடலை விட்டால் வேறு தொழில் தெரியாது.

அந்தக் காலத்தில் ரோடு கிடையாது. மூன்றாம் சத்திரத்திலிருந்து மணலில் நடந்தோ, பின்னாளில் வேனில் குலுங்கிக் குலுங்கியோதான் வருவார்கள். வருகிறவர்களுக்கு அப்பத்தா சோழியும் சிப்பி மாலையும் விற்கும். அவர்கள் புயலைப் பற்றிக் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லும். ஒருமுறை ஒருவர் கதை கேட்டுவிட்டுப் பத்து ரூபாய் நீட்டினார். "சிப்பிக்குக் குடுங்க, இதுக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்தப் பத்து ரூபாயை வாங்கியிருந்தால் எனக்கு நோட்டு வாங்கியிருக்கலாமே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை எழுதினால் எங்கள் வரிசையில் இருக்கிறவர்களே கோபப்படலாம். பரவாயில்லை.

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு கூட்டம் பல மடங்கு ஆனது. அடுத்த வருஷமே மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை ஒன்று காட்டினார். உள்ளே குட்டியாக ஒரு ரயில், சுற்றி நீலக் கடல். குலுக்கினால் வெள்ளையாகத் துகள் கிளம்பி ரயிலை மூடும். அடியில் "கடைசி ரயில் 22.12.1964". எனக்கு அடக்கம் 65 ரூபாய், விற்பது 130. நூறு உருண்டை எடுத்தேன். அந்த டிசம்பர் விடுமுறையில் சிப்பி மாலையை யாரும் சீண்டவில்லை, இதுதான் போனது. குழந்தைகள் குலுக்குவார்கள், பெற்றோர் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். நானே வருகிறவர்கள் முன்னால் ஒன்றைக் குலுக்கிக் காட்டித்தான் விற்றேன். தாத்தாவை நினைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ரூபாய் கையில் புரளும்போது அந்த நினைப்பு வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம் பரமக்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூடவே ஓர் அம்மா, எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். மற்றவர்கள் தேவாலயத்துக்குள் போய்விட்டார்கள், இந்த அம்மா வெயில் தாங்காமல் என் கடை நிழலில் உட்கார்ந்தது. நான் வழக்கம்போல உருண்டையைக் குலுக்கி நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பெட்டி தம்பி?" என்று கேட்டது.

"மூணும்மா."

"ஆறு பெட்டி."

அவ்வளவுதான் சொன்னது. உருண்டையைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. உள்ளே துகள் எல்லாம் அடங்கித் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பலகையில் மெதுவாக வைத்துவிட்டு, "எங்க அண்ணன் இங்க தபாலாபீஸ்ல வேலை பார்த்துச்சு. லீவு முடிஞ்சு வந்துச்சு. பாம்பன்ல இதுலதான் ஏறுச்சு. உடம்பு கிடைக்கலை" என்றது.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்த 653ஆம் எண் பாசஞ்சர் அது. ஊழியர்களையும் சேர்த்து 115 பேர் என்று கணக்கு. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார்கள். சிக்னல் வேலை செய்யவில்லை, டிரைவர் நிறுத்திப் பார்த்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு மெல்ல நகர்த்தியிருக்கிறார். ஸ்டேஷன் வருவதற்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அலை அடித்துக்கொண்டு போனது. இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் எத்தனை பெட்டி என்று தெரியாது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ரயிலையே பொம்மையாக விற்றுக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. போகும்போது பேத்திக்கு ஒரு சிப்பி மாலை வாங்கிக்கொண்டு, பேரம் பேசாமல் காசு கொடுத்துவிட்டுப் போனது. அன்றைக்கு மிச்சம் 31 உருண்டை இருந்தது. வியாபாரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன், முடியாது என்றார். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் எனக்கு நஷ்டம். பக்கத்துக் கடைக்காரர் "நீ விற்காட்டி நான் விற்கிறேன், குடு" என்றார். கொடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன், அப்போது அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்.

"கடைக்காரன் தன் வசதிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்கிறான்" என்று சொல்ல இங்கே ஆள் வருவார்கள், தெரியும். கோடு போட்டுக்கொண்டது உண்மைதான். அந்த ஊரின் பெயர், அந்தச் சுவரின் படம், அந்தக் கடலின் சிப்பி, இதையெல்லாம் விற்பேன். சாகிற நிமிஷத்தைக் குலுக்கிப் பார்க்கிற சாமானை விற்க மாட்டேன். வாங்குகிறவர் கையில் அது விளையாட்டாக இருக்கலாம். அந்த இடத்துக்கு அண்ணனைத் தேடி வருகிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த இடத்தில் 2014இல் அருங்காட்சியகம் திறந்தபோது உள்ளேயே கடையும் வைத்தார்கள். அடையாளம் காண முடியாதவர்களின் எச்சங்களை வைத்திருக்கும் அதே இடம். அங்கே அமெரிக்க வரைபட வடிவத்தில் ஒரு தட்டு விற்றார்கள், சீஸ் வைத்துச் சாப்பிடுகிற தட்டு. விமானங்கள் மோதிய இடங்களில் சின்னச் சின்ன இதயம் வரைந்திருந்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் கொதித்துப்போனார்கள், தட்டை எடுத்துவிட்டார்கள், கடை தொடர்ந்து நடந்தது. என் தங்கை மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அந்த 31 உருண்டைதான் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே விற்கிற காசு அருங்காட்சியகத்தை நடத்தப் போகிறது. இங்கே என் வீட்டு அரிசிக்குப் போகிறது. அதனால் அவர்கள் உயர்ந்தவர்கள், நான் தாழ்ந்தவன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செத்தவர்களின் பேரப்பிள்ளை இங்கே பிழைக்கக் கூடாது, வெளியூர்க்காரர் ரிசார்ட் கட்டலாம் என்றால் அது என்ன நியாயம்?

நாங்கள் ஆசைப்பட்டுக் கடைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கரைவலைக்காரர். முப்பது நாற்பது பேர் சேர்ந்து கரையிலிருந்து வலை இழுத்தால் எல்லார் வீட்டுக்கும் மீன் வரும். விசைப்படகுகள் அடிமடி வலை போட்டுக் கடலின் அடியைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தால் கரைக்கு எது வரும்? மூன்று மணி நேரம் இழுத்து ஒரு கூடை காரல் மீன் வந்த நாள் உண்டு. ஆளுக்கு ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. இதைப் பற்றி ஒரு கேள்வி இந்தத் தளத்தில் வந்து நான் பார்த்ததில்லை. பொம்மை விற்பது பற்றி வருகிறது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. நாங்கள் விற்பதை விட, வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போவதுதான் எனக்கு வலிக்கிறது. இங்கே பழைய கட்டடங்கள் பல பவளக்கல்லில் கட்டியவை. "ஞாபகத்துக்கு" என்று அந்தச் சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்துப் பையில் போடுகிறார்கள். நான் பார்த்துச் சத்தம் போட்டு மூன்று நான்கு பேரிடமிருந்து வாங்கித் திரும்ப வைத்திருக்கிறேன். சாணிக்கும் பவளத்துக்கும் வித்தியாசம் தெரியாத சின்னப் பிள்ளைகள் இல்லை, நன்றாகப் படித்தவர்கள். சுவரில் பெயரைக் கிறுக்குகிறவர்கள் தனி. ராத்திரியில் தங்கவைத்து "பேய் நகரம்" வீடியோ எடுக்க உதவச் சொல்லி ஒருவர் ஐயாயிரம் தருகிறேன் என்றார். எங்கள் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் குடிக்கத் தண்ணீர் மொள்ளுகிற இடம் இது. இதில் பேய் எங்கே வந்தது? முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது நான் முக்கியமாக விற்பது ஒரு அட்டை. முன்பக்கம் தேவாலயப் படம். பின்பக்கம் புயல் எப்போது வந்தது, ஊரில் என்னென்ன இருந்தது, ரயிலுக்கு என்ன ஆனது என்று பத்து வரி. ராமேஸ்வரத்தில் ஒரு வாத்தியார் எழுதிக் கொடுத்தார். பெட்டி ஆறு என்பது அதில் இருக்கிறது, நான் கேட்டுப் போடச் சொன்னது. விலை 20 ரூபாய். உருண்டை அளவுக்கு ஒருநாளும் போகாது. சில நாள் ஐந்து, ஆறு போகும். ஆனால் வாங்கியவர்களில் சிலர் கார் வரைக்கும் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து ஏதாவது கேட்பார்கள். அப்போது சொல்வேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

அந்த 31 உருண்டையும் இன்னும் வீட்டில் கட்டிலுக்கு அடியில் சாக்கில் கட்டிக் கிடக்கிறது. உடைத்துப்போடச் சொல்கிறாள் என் வீட்டுக்காரி. கண்ணாடியை உடைத்தால் உள்ளே இருக்கிற ரயிலை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த தடவை வந்தால் தேவாலயத்துக்கு எதிரே நீலத் தார்ப்பாய் போட்ட கடையில் கேளுங்கள். எதுவும் வாங்க வேண்டாம். ஐந்து மணிக்கு முன்னால் வாருங்கள், அதற்கு மேல் கடையைக் கட்டிவிடுவோம்.