குரோஷா கைப்பைக்கு 350 ரூபாய் கட்டுப்படியாகாது

மதுரை மாசி வீதிக் கடைக்காரர் 30% கமிஷன் கேட்கிறார், கொக்கி ஊசியால பின்னுற குரோஷா பைக்கு 350 ரூபாய் போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க சகோதரி. முடிச்ச பையைச் சமையல் தராசுல வைங்க. 150 கிராம்னா, 100 கிராம் 120 ரூபாய் நூலுக்கு 180 ஆச்சு. உள்துணி, ஜிப் 40. உங்க கூலி மணிக்கு 60 வீதம் 5 மணி நேரத்துக்கு 300; நூல்முனைகளை ஊசியால செருகுற நேரமும் இதுல சேரணும், பலரும் விட்டுடுறது அதைத்தான். பேக்கிங் 30. அடக்கம் 550.

இதோட 30% கூட்டி 715னு போட்டுடாதீங்க. கமிஷனை விற்கிற விலையிலதான் பிடிப்பாங்க. 214.50 போக உங்க கைக்கு 500.50தான் வரும், கிட்டத்தட்ட 50 ரூபாய் நஷ்டம். கமிஷன் போக விலையில 70%தான் உங்களுக்கு, அதனால 550ஐ 0.7ஆல வகுங்க: 786. 790னு போடுங்க.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல அந்த விலை போகலைன்னா கூலியைக் குறைக்காதீங்க, ஒரு மணி நேரத்துல முடியுற சாவிக்கொத்துப் பொம்மை பின்னுங்க.