கார் உடைக்க ஒரு டாக்டர் எதற்கு?

மதிப்பிற்குரிய சார்,

'மேட் மேக்ஸ்' பட வரிசையில் வந்த 'ஃபியூரி ரோட்' பற்றி நீங்கள் எழுதியதை என் அக்கா மகன் படித்துவிட்டு வீட்டில் பெரிய ரகளை. மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். "அதை இயக்கிய ஜார்ஜ் மில்லரும் டாக்டர்தானே, அவர் சினிமாவுக்குப் போகவில்லையா?" என்கிறான். அக்கா அழுதுகொண்டே இருக்கிறாள். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். இரண்டு மணிநேரம் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். கார் உடைக்க ஒரு டாக்டர் எதற்கு? ஒரு மருத்துவ சீட்டை வீணடித்தவரைப் பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டலாமா? மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிற படத்துக்கு அவ்வளவு நீளக் கட்டுரை தேவையா? அவனுக்குப் புத்தி வருகிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளும் எதையாவது விட்டுவிட்டு எங்காவது ஓடத்தான் நினைப்பார்கள்.

சீட் வீணான கதைக்கு நான் வரவில்லை. மில்லர் படிப்பை முடித்தவர். சிட்னியில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். பைரன் கென்னடி என்ற நண்பரோடு சேர்ந்து முதல் படத்துக்குப் பணம் திரட்டியபோது, கென்னடி வண்டி ஓட்டுவார், இவர் அவசரமாகக் கூப்பிட்ட வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். படத்துக்கு முதல் போட்டதே அந்த டாக்டர் படிப்புதான். இதற்கு மேல் கணக்கு வேண்டுமென்றால் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

ஆனால் 'மூளையைக் கழற்றி வைத்துவிட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை விட மாட்டேன். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சண்டைப்படம் எடுப்பவனுக்கும் மூளை வேண்டாம், பார்ப்பவனுக்கும் வேண்டாம் என்பது நம் படித்தவர்களின் தீராத நம்பிக்கை. அதனால்தான் நமக்கு மூளையில்லாத சண்டைகளே கிடைக்கின்றன. கேட்டதைத்தானே கொடுப்பார்கள்?

எடிட்டர் நண்பர் ஒருவரின் அறையில் சில இரவுகள் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெரிய படத்தின் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் ஒருவனை உதைக்கிறான். அதே உதை மூன்று கோணத்தில் மூன்று தடவை, நடுவில் கேமரா ஆட்டம், தூசி, அப்புறம் ஸ்லோமோஷனில் நாயகனின் சட்டை பறக்கிறது. "உதை வாங்கினவர் எங்கே போனார்?" என்று கேட்டேன். "அவர் எங்க சார் போவார், பேட்டாவை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ரஷ்ஷை, அதாவது வெட்டுவதற்கு முன் எடுத்தபடியே இருக்கிற காட்சிகளை, தேடிப் போட்டுக் காட்டினார். இடுப்பில் ரோப் கட்டிய ஒரு ஃபைட்டர், அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், பின்னோக்கிப் பறந்து அட்டைப்பெட்டிகளின் ஓரத்தில் விழுகிறார். பாதி உடம்பு தரையில். எழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, ஓகேவா என்று கேட்கிற முகத்தோடு சண்டை மாஸ்டரைப் பார்க்கிறார். அந்தச் சண்டையில் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான். அதைத்தான் வெட்டியிருந்தார்கள்.

மில்லர் அந்த மனிதரை வெட்ட மாட்டார். யார், எங்கிருந்து, எங்கே விழுந்தார் என்று உங்களுக்குக் காட்டாமல் அடுத்த ஷாட்டுக்குப் போகவே மாட்டார். 'ஃபியூரி ரோட்'டில் ஏறத்தாழ 2,700 வெட்டுகள். இரண்டு மணிநேரப் படம். சராசரியாக மூன்று நொடிக்கும் குறைவாக ஒரு ஷாட். வேறு ஒருவர் எடுத்திருந்தால் தலைவலி வந்திருக்கும். உங்களுக்கு வந்ததா? கதை இல்லை என்றுதான் குறைப்பட்டீர்கள், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லவில்லை. ஏன் தெரிந்தது என்று யோசித்தீர்களா? ஒளிப்பதிவாளர் ஜான் சீலிடம் அவர் கேட்டது ஒன்றுதான். முக்கியமான முகமோ கையோ துப்பாக்கியோ, எதுவானாலும் சட்டகத்தின் நட்ட நடுவில் இருக்க வேண்டும். ஷாட் மாறினாலும் கண் தேட வேண்டியதில்லை, பார்த்த இடத்திலேயே அடுத்தது வந்து நிற்கும். திருவிழாக் கூட்டத்தில் அம்மா குழந்தையின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு போவது மாதிரி அந்த ஆள் நம் கண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறார். இதற்கு மூளை வேண்டாமா?

அந்தப் படத்தை வெட்டியவர் அவருடைய மனைவி மார்கரெட் சிக்ஸல். அதற்கு முன் பன்றிக்குட்டிப் படமும் பென்குவின் படமும் வெட்டியவர், சண்டைப்படம் ஒன்றுகூட இல்லை. நான் எதற்கு என்று அவர் கேட்டபோது, ஆண்கள் வெட்டினால் இது எல்லாச் சண்டைப்படங்களையும் போலத்தான் இருக்கும் என்றாராம் மில்லர். சுமார் 480 மணிநேர ரஷ்ஷோடு அந்த அம்மா மல்லுக்கட்டினார். 2016இல் ஆஸ்கரும் வாங்கினார். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆறில் அது ஒன்று. நம் ஊரில் பத்து நாளில் வெட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று என் நண்பர் புலம்புவார். அது வேறு பேச்சு, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டாக்டர் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா? 1979இல் வந்த அவருடைய முதல் படம் 'மேட் மேக்ஸ்'. நாலு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குள் எடுத்தது, உலகம் முழுக்க ஓடிக் கோடிக்கணக்கில் சம்பாதித்தது. அதைக் கொடூரமான படம் என்பார்கள். திரும்பப் போட்டுப் பாருங்கள். நாயகனின் மனைவி மீதும் குழந்தை மீதும் மோட்டார் சைக்கிள் கும்பல் வண்டியை ஏற்றுகிறது. திரையில் என்ன வருகிறது? வண்டிகள் கடந்து போகின்றன. சாலையில் ஒரு சின்ன ஷூவும் பந்தும் உருள்கின்றன. அவ்வளவுதான். தீயில் வெந்த நண்பனைப் பார்க்க நாயகன் மருத்துவமனைக்குப் போகிறான். போர்வைக்கு வெளியே கருகிய கை ஒன்று விழுகிறது. அவன் போர்வையை விலக்கிப் பார்க்கிறான், நமக்கு அந்த முகத்தைக் காட்டுவதில்லை. விபத்தில் சிதைந்து வந்தவர்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர், எதைக் காட்ட வேண்டாம் என்று தெரிந்து எடுத்த படம் அது. ரத்தத்தை வாளியில் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் அதை நேரில் பார்க்காதவர்கள் என்பது என் எண்ணம்.

அந்தக் கென்னடி 1983இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். வயது 33. அடுத்த 'மேட் மேக்ஸ்' படத்தை மில்லர் தனியாக இயக்கவில்லை, ஜார்ஜ் ஒகில்வியைச் சேர்த்துக்கொண்டார். படத்தை நண்பனுக்குச் சமர்ப்பித்தார். எனக்கு அந்த வரிசையில் மனசுக்கு ஒட்டாத படம் அதுதான். ஆனாலும் குறை சொல்ல வாய் வருவதில்லை.

1992இல் 'லொரென்ஸோஸ் ஆயில்' எடுத்தார். மருத்துவர்கள் கைவிட்ட மகனுக்காகத் தாங்களே நூலகத்தில் உட்கார்ந்து மருந்து தேடிய ஒரு தம்பதியின் உண்மைக் கதை. ஒரு கார்கூட உடையாது. அக்காவுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

'ஃபியூரி ரோட்' கிளம்புவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. பாலைவனமாகக் காட்டவிருந்த ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில் மழை பெய்து பூப்பூத்துவிட்டது, கூடாரத்தைப் பெயர்த்து நமீபியாவுக்குப் போனார்கள். படம் வந்தபோது அவருக்கு எழுபது வயது. இதையும் பையனிடம் சொல்லுங்கள். அவனுக்கு மில்லர் சினிமாவுக்குப் போனதுதான் தெரிந்திருக்கிறது, காத்திருந்தது தெரிந்திருக்காது.

மற்றபடி அவனுக்கு நான் புத்தி சொல்வதாக இல்லை, அது உங்கள் வீட்டு வேலை. படிப்பை முடிக்கட்டும். இப்போதைக்கு 'ஃபியூரி ரோட்'டின் முதல் துரத்தலை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு அவன் ஒருமுறை பார்க்கட்டும். எந்த வண்டி எந்தப் பக்கம், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று வரிசையாக எழுதி எனக்கு அனுப்பட்டும். நீங்கள் எழுதித் தரக் கூடாது.

அன்புடன்.