வால்வு மாற்றும் முன் ஆஞ்சியோ எதற்கு?

இதய வால்வு ஆபரேஷனுக்கு முன் ரத்தக்குழாய் அடைப்பைப் பரிசோதிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். ஆஞ்சியோ என்பது கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழல் விட்டு, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது.

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. அயோர்டிக் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று எக்கோ பார்த்துச் சொன்னார்கள். இப்போது ஆஞ்சியோவும் எடுக்க வேண்டுமாம். எக்கோவிலேயே தெரிந்துவிட்ட பிறகு இது வீண்செலவு இல்லையா? டிரெட்மில் டெஸ்ட் போதாதா?
– வாசகர், கரூர்

பதில்: வீண்செலவு இல்லை. வால்வு எப்படித் திறந்து மூடுகிறது, இதயத் தசை எப்படித் துடிக்கிறது என்பதை எக்கோ காட்டும். அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களுக்குள் இருக்கும் அடைப்பைக் காட்டாது. ஒரு குழாய் 80 சதவீதம் அடைத்திருந்தாலும், ஓய்வாகப் படுத்திருக்கும்போது தசை நன்றாகவே துடிக்கலாம்.

நெஞ்சுவலியை வைத்தும் முடிவுகட்ட முடியாது. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்தான் அயோர்டிக் வால்வு. குறுகிய வால்வு வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறைத் தசை தடித்துப்போகும். தடித்த தசைக்கு ரத்தத் தேவை கூடுதல். அதனால் குழாய்கள் சுத்தமாக இருப்பவருக்கும் மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கும். வலியே தெரியாத சர்க்கரை நோயாளிக்கு மூன்று குழாயிலும் அடைப்பு இருப்பதும் உண்டு. டிரெட்மில் பேச்சே வேண்டாம். மூச்சிரைப்பு, மயக்கம், நெஞ்சுவலி என்று தொந்தரவு தொடங்கிவிட்ட கடுமையான அயோர்டிக் சுருக்கத்தில் நோயாளியை ஓடவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆபரேஷன் மேசையில்தான் விஷயத்தின் முழுக் கனமும் தெரியும். வால்வை மாற்ற இதயத்தை நிறுத்த வேண்டும். அதற்காகப் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைக் கரோனரி குழாய்கள் வழியே செலுத்துவார்கள். தசையைக் காப்பதும் அதுதான். குழாயில் அடைப்பு இருந்தால் திரவம் அதைத் தாண்டிச் சரியாகப் போகாது. அந்தப் பகுதித் தசை பாதுகாப்பில்லாமல் கிடக்கும். வால்வைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டு, இதய நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுவிக்கும்போது இதயம் தள்ளாடும். அடைப்பு முன்கூட்டியே தெரிந்தால், திரவத்தைப் பின்பக்கச் சிரை வழியாகவும் செலுத்தலாம், அதே ஆபரேஷனில் பைபாஸும் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் தைப்பது) செய்துவிடலாம்.

பொதுவாக 70 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, அல்லது இடது பிரதானக் குழாயில் 50 சதவீதம் இருந்தால் பைபாஸ் சேர்ப்பார்கள். 50க்கும் 70க்கும் இடைப்பட்டதில் குழாயின் அளவு, இடம், நோயாளியின் நிலை எல்லாம் பார்த்துத்தான் முடிவு.

சதவீதத்தோடு குழாய்களின் வழித்தடத்தையும் சர்ஜன் பார்ப்பார். சர்க்கம்ஃபிளெக்ஸ் என்ற குழாய், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் வளையத்தை ஒட்டியே ஓடுகிறது. மைட்ரல் வால்வை மாற்றும்போது தையல் ஆழமாகப் போனால் அது மாட்டிக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் குழாய் வலப்பக்கம் தொடங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியான அயோர்ட்டாவுக்குப் பின்னால் சுற்றி வரும். அப்போது அயோர்டிக் வால்வின் வளையமே அதை நசுக்கக்கூடும்.

கரோனரி ஆஞ்சியோ பிறந்ததே ஒரு வால்வு நோயாளியிடம்தான் என்பது சுவையான சங்கதி. 1958இல் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர், ருமாட்டிக் இதயநோய் கொண்ட ஓர் இளைஞரின் அயோர்ட்டாவைப் படமெடுக்க முயன்றபோது குழல் நழுவி வலது கரோனரிக்குள் போய், மருந்து அங்கே பாய்ந்துவிட்டது. இதயம் சில நொடிகள் நின்றது. இருமச் சொன்னார்கள், மீண்டும் துடித்தது.

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டுவிட்டது. ஆஞ்சியோ எடுக்காமலேயே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். விட்டுவிட்டார்களா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: விடவில்லை, தேவைப்பட்டிருக்காது. ஆண்களுக்கு 40 வயது தாண்டியிருந்தால், பெண்களுக்கு மாதவிடாய் நின்றிருந்தால் ஆஞ்சியோ பார்ப்பது வழக்கம். அதற்குக் கீழே என்றால் நெஞ்சுவலி, முன்பே மாரடைப்பு, இதயத்தின் பம்ப் பலவீனம், சர்க்கரை, புகைபிடித்தல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு போன்ற காரணம் இருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது உங்கள் மகளுக்கு இருந்து, அதைச் சொல்ல விட்டுப்போயிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கைவழியாகக் குழல் விடாமல் சிடி ஸ்கேனிலேயே பார்த்துவிட முடியாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவானவர்களுக்குத் தாராளமாகப் பார்க்கலாம். சிடியில் குழாய் சுத்தம் என்று தெளிவாக வந்தால் அத்தோடு முடிந்தது. அடைப்பு தெரிந்தாலோ, சரியாகத் தெரியாவிட்டாலோ ஆஞ்சியோவுக்குத்தான் போக வேண்டும்.

வால்வு நோயாளிகளிடம் இந்த ‘சரியாகத் தெரியாதது’ அதிகம். நல்ல படத்துக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 – 65க்குள் சீராக இருக்க வேண்டும். மைட்ரல் நோயாளிகளில் பலருக்குத் துடிப்பு தாறுமாறாக இருக்கும், படம் கலங்கிவிடும். வயதான அயோர்டிக் நோயாளிகளுக்குக் குழாயிலும் சுண்ணாம்பு படிந்திருக்கும். அது சிடியில் பூதாகரமாகத் தெரிந்து, உள்ளதைவிட அடைப்பைப் பெரிதாகக் காட்டும். படம் தெளிவாக வருவதற்காகத் தரும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரையையும், குழாயை விரிக்க நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட்டையும் கடுமையான அயோர்டிக் சுருக்கத்தில் யோசித்துத்தான் கொடுக்க முடியும்.

சிடியே மேலான இடமும் உண்டு. அயோர்டிக் வால்வில் கிருமித்தொற்று வந்து கட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தால், குழல் பட்டு ஒரு துண்டு உடைந்து மூளைக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அப்போது முதலில் சிடியைத்தான் யோசிப்போம்.

கேள்வி: ஆஞ்சியோவில் 80 சதவீத அடைப்பு. முதலில் ஸ்டென்ட், பிறகு வால்வு என்று தனித்தனியாகச் செய்தால் உடம்புக்கு இலகுதானே?
– வாசகர், மதுரை

பதில்: கேட்க இலகுவாக இருக்கிறது, நடைமுறையில் சிக்கல். ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து சில மாதங்கள் சாப்பிட வேண்டும். அந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் ரத்தம் நிற்காது. மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும். மோசமான வால்வோ மாதக்கணக்கில் காத்திருக்காது. எப்படியும் நெஞ்சைத் திறக்கப்போகிறோம் என்றால் பைபாஸே நேர்வழி. மைட்ரல் வால்வு என்றால் வரிசையும் முக்கியம்: காலிலிருந்து எடுத்த சிரையை அடைப்புக்கு அப்பால் முதலில் தைத்துவிட்டுத்தான் வால்வைப் பொருத்துவார்கள். விறைப்பான வால்வை வைத்த பிறகு இதயத்தைத் தூக்கித் திருப்பினால் பின்சுவர் கிழியக்கூடும்.

நெஞ்சைத் திறக்காமல் தொடைவழியாக வால்வு வைக்கும் டாவி முறையில் கணக்கு வேறு. அங்கே முக்கியக் குழாயின் தொடக்கப் பகுதியில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைப்பதை யோசிக்கலாம். 2024இல் வெளியான நோஷன் 3 ஆய்வில் டாவியோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு இறப்பு, மாரடைப்பு, அவசர ஸ்டென்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த எண்ணிக்கை குறைந்தது. ரத்தக்கசிவு கூடியது. ரத்தசோகை உள்ள 85 வயதுப் பாட்டிக்கு இந்த இரண்டாவது வரிதான் பெரிது.

கேள்வி: அம்மா அசிட்ரோமும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். கிரியாட்டினின் 1.8. ஆஞ்சியோவுக்கு முன் எதை நிறுத்த வேண்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையான அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள். மைட்ரல் சுருக்கமும் தாறுமாறான துடிப்பும் இருப்பவருக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளியே ரத்தக்கட்டி உருவாகப் போதும். தேவைப்பட்டால் ஹெப்பாரின் ஊசி போட்டு ஈடுகட்டுவார்கள். மணிக்கட்டு வழியாகச் செய்தால் ஐஎன்ஆரை (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு) அவ்வளவு இறக்க வேண்டியிருக்காது, தொடை வழி என்றால் இறக்கியாக வேண்டும். எந்த வழி என்று முன்பே கேளுங்கள்.

மெட்ஃபார்மினைப் பரிசோதனை நாளன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது வழக்கம். அதுவரை சர்க்கரைக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிறுநீரகத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மாவுக்கு லிட்டர் கணக்கில் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆஞ்சியோ முடிந்ததும் மறுநாளே ஆபரேஷன் என்று தேதி குறித்திருந்தால், கிரியாட்டினின் ஏறவில்லை என்று பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள்.