ஒரு டாலருக்கு ஒரு ரூபாயா?

கேள்வி: 1947-இல் ஒரு டாலர் ஒரே ஒரு ரூபாய்தான். தேசத்துக்குக் கடனும் கிடையாது. அப்படி ராஜா மாதிரி இருந்த ரூபாயை இந்தக் கதிக்கு ஆளாக்கியது யார்? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.
ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: மழுப்பவில்லை. உங்கள் முதல் வரியே தப்பு. ஆகஸ்ட் 15 வந்தால் கொடி ஏறுகிறதோ இல்லையோ, வாட்ஸப்பில் இந்தச் செய்தி ஏறிவிடுகிறது.

ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ரூபாயைக் கட்டிப்போட்டிருந்தது பிரிட்டிஷ் பவுண்டோடு. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்துப் பாருங்கள்: ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை (ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை). பழைய கணக்குப்பிள்ளை 13-5-4 என்று எழுதியிருப்பார். (நூறு பைசா கணக்கு வந்ததே 1957 ஏப்ரல் 1-இல்தான்.) அந்தப் பவுண்டுக்கு அமெரிக்காவில் 4 டாலர் 3 சென்ட் கிடைத்தது. ஆக, ஒரு டாலருக்கு மூன்று ரூபாய் முப்பது பைசாச் சொச்சம். ஒரு ரூபாய்க்கு டாலர் கொடுத்த புண்ணியவான் எவனும் கிடையாது.

கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. யுத்தச் செலவுக்கு நம்மிடம் வாங்கியதில், பிரிட்டன்தான் நமக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. ஆனால் கடன் இல்லையென்றால் ஒன்றுக்கு ஒன்று என்று எந்த ஊர்க் கணக்கிலும் கிடையாது.

அந்த 18 பென்ஸ் கதையைக் கேட்டால் உங்களுக்கே தூக்கிவாரிப்போடும். 1927-இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வைத்த விகிதம் அது. புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் போன்ற பம்பாய் வியாபாரிகள் கூடவே கூடாது, 16 பென்ஸ் போதும் என்று மல்லுக்கட்டினார்கள். 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வினிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளில், உப்பு வரியை ஒழி, மதுவை ஒழி என்பவற்றோடு இதுவும் இருந்தது: ரூபாயை 1 ஷில்லிங் 4 பென்ஸாகக் குறை! ஆமாம், குறைக்கச் சொன்னார்.

ஏன்? இங்கிருந்து போன பருத்தி லண்டனில் ஒரு பவுண்டுக்கு விலைபோனால், 16 பென்ஸ் கணக்கில் இந்தப் பக்கம் 15 ரூபாய் வரும். 18 பென்ஸ் கணக்கில் அதே 13-5-4தான். மிச்சம் ஒன்றரை ரூபாய்ச் சொச்சம் விவசாயி தலையில் துண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணியோ அதே அளவுக்கு மலிவாக இங்கே வந்து இறங்கும். லண்டனுக்கு அனுப்பவேண்டிய பென்ஷன், வட்டி எல்லாம் சர்க்காருக்குச் சல்லிசாக முடியும். நீங்கள் ஏங்குகிற 'கெத்தான ரூபாய்' யாருக்குச் சோறு போட்டது என்று தெரிகிறதா?

சரி, யார் என்றுதானே கேட்டீர்கள். 1949 செப்டம்பரில் பவுண்டு விழுந்தது, கூடவே நாமும் இறங்கினோம்: டாலர் 4.76 ரூபாய். 1966 ஜூன் 6-இல், போரும் வறட்சியும் அடுத்தடுத்து அடித்த பிறகு, இந்திரா ஆட்சியில் 7.50. 1991 ஜூலை 1, 3 தேதிகளில் நரசிம்ம ராவ் ஆட்சி இரண்டு தவணையாக இறக்கியது. பிறகு 1993-இல் சந்தையிடமே விட்டாயிற்று. இதில் யாரைத் திட்டுவது என்பது உங்கள் கட்சியைப் பொறுத்தது.

இன்னொன்று. வீட்டுப் பரணில் 1947-ஆம் வருஷத்து ஒரு ரூபாய்க் காசு கிடந்தால், வெள்ளி என்று நினைத்து நகைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வெள்ளி 1940-இலேயே பாதியாகிவிட்டது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் புலி போட்ட இந்தக் காசு சுத்த நிக்கல். காந்தத்தை வைத்துப் பாருங்கள், பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும்.