பிராக் நகரை மூன்று நாளில் பார்ப்பது எப்படி? எங்கே நேரமும் காசும் வீணாகும்?

கேள்வி: முதல்முறை பிராக் போகிறோம். கையில் மூன்று முழு நாட்கள். வயதான பெற்றோரும் உடன் வருகிறார்கள். என்னென்ன பார்க்கலாம், எந்த வரிசையில், எதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்?

பதில்:

பிராக் சின்ன ஊர். முக்கியமான இடங்கள் எல்லாம் வல்தாவா ஆற்றின் இரு கரையிலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால் "எதைப் பார்ப்பது" என்பதைவிட "எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து" என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. ஒரே பாலம் காலை ஆறரைக்கு ஒரு மாதிரி, பதினொன்றுக்கு ரங்கநாதன் தெரு மாதிரி.

முதலில் பணம். செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் புழங்குவது கொருனா, யூரோ அல்ல. சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், ஆனால் அவர்கள் போடும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக இருக்காது. பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும். ஏடிஎம்மிலோ கார்டு எந்திரத்திலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா, கொருனாவிலா" என்று திரையில் கேட்டால் எப்போதும் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த எந்திரத்துக்காரர் முடிவு செய்வார், இழப்பு உங்களுக்கு. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏடிஎம்களைத் தவிர்த்து, வங்கிக் கிளையின் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள்.

"கமிஷன் 0%" என்ற பலகையை நம்பி உள்ளே போகாதீர்கள். கமிஷன் இருக்காது, விகிதத்திலேயே உருவிவிடுவார்கள். மாற்றி ஏமாந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. 2019இல் வந்த சட்டத்திருத்தப்படி, 1000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீது கையில் இருக்க வேண்டும். தெருவில் நின்று "நல்ல ரேட் தருகிறேன்" என்பவரிடம் மாற்றினால் இந்தச் சட்டம் உதவாது. வேறு நாட்டின் செல்லாத பழைய நோட்டைத் தந்துவிட்டுப் போய்விடுவார்.

அடுத்து பயணச்சீட்டு. மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் ஒரே சீட்டுதான், தூரத்துக்கு அல்ல, நேரத்துக்கு: 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி. மூன்று நாளுக்கு 72 மணிச் சீட்டு நிம்மதி. காகிதச் சீட்டு வாங்கினால், முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் செருகி நேரமுத்திரை குத்த வேண்டும். ஒருமுறை குத்தினால் போதும், ஒவ்வொரு வண்டியிலும் மறுபடி குத்தக் கூடாது. மெட்ரோவில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது. அதனால் முத்திரை குத்த மறந்து நேரே இறங்கிவிடுபவர்கள் அதிகம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் பிடித்தால், சீட்டு வாங்கியது உண்மைதான் என்று வாதாடிப் பயனில்லை, முத்திரை இல்லாத சீட்டு சீட்டே அல்ல. டிராமுக்குள் இருக்கும் எந்திரத்தில் கார்டைத் தட்டி வாங்கும் சீட்டு மட்டும் முத்திரையோடே வரும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு மெட்ரோ கிடையாது. பேருந்திலோ டிராலிபஸ்ஸிலோ நாத்ராஜி வெலெஸ்லாவீன் வரை வந்து, அங்கிருந்து பச்சை நிற ஏ வழித்தட மெட்ரோவில் நடுநகரத்துக்குப் போகலாம். டாக்ஸி வேண்டுமென்றால் செயலியில் கூப்பிடுங்கள், சுற்றுலா இடங்களில் நிற்கும் வண்டியில் ஏறாதீர்கள்.

முதல் நாள் பிராக் கோட்டை. பலரும் சார்ல்ஸ் பாலத்தைக் கடந்து, நெருதோவா தெருவின் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிப் போகிறார்கள். பெற்றோரோடு போகிறீர்கள் என்றால் இது தேவையில்லாத தண்டனை. 22ஆம் எண் டிராம் மலை மேலேயே கொண்டுபோய் விடும். "பிராஷ்ஸ்கி ஹ்ராட்" நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் வடக்கு வாசல். இந்த 22இல் பிக்பாக்கெட் தொல்லை உண்டு, பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். உள்ளே இருக்கும் கட்டடங்களுக்குத்தான் சீட்டு. அது இரண்டு நாள் செல்லும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒருமுறை. கட்டடங்கள் காலை 9க்குத் திறக்கும். எட்டே முக்காலுக்கு வாசலில் இருந்து, திறந்ததும் நேரே புனித வீட்டுஸ் பேராலயத்துக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்தால் வரிசை முற்றம் முழுக்க வளையும். ஞாயிற்றுக்கிழமை இந்தத் திட்டம் ஆகாது: காலையில் பூசை நடப்பதால் பார்வையாளர்களை 12 மணிக்குத்தான் விடுவார்கள்.

பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1344, கட்டி முடித்தது 1929. இடப்பக்கச் சிற்றாலயங்களில் ஒன்றில் செக் ஓவியர் அல்போன்ஸ் முகா வரைந்த கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. மற்ற சன்னல்களைப் போல இல்லாமல் ஓவியம் போலவே இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

அடுத்து பழைய அரச மாளிகை. அதன் விளாதிஸ்லாவ் மண்டபத்தின் கூரையை நிமிர்ந்து பாருங்கள், கொடி பின்னியது போல வளைந்தோடும் கல் விலாக்கள். இந்த மண்டபத்துக்குள் குதிரை வீரர்கள் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். அதற்காகக் குதிரை ஏறிவரத் தோதாக அமைத்த படிக்கட்டு இன்றும் இருக்கிறது. ஒட்டியிருக்கும் அறையின் சன்னலிலிருந்துதான் 1618 மே 23 அன்று புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் இரண்டு கத்தோலிக்க ஆளுநர்களையும் ஒரு செயலரையும் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்றது ஒரு தரப்பு, கீழே குப்பைமேடு இருந்தது என்றது மறு தரப்பு. முப்பதாண்டுப் போர் மூண்டது அங்கிருந்துதான். இந்தக் கதை தெரியாமல் போனால் அது வெறும் சன்னல்.

பொன் சந்து, வில்வீரர்களும் தட்டார்களும் குடியிருந்த குட்டி வீடுகளின் வரிசை. 22ஆம் எண் வீட்டில் 1916-17இல் எழுத்தாளர் காஃப்கா உட்கார்ந்து எழுதினார். அழகுதான், ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 12 மணிக்கு மேற்கு வாசல் முற்றத்தில் எக்காள முழக்கத்தோடு காவலர் மாற்றம் நடக்கும். அதைப் பார்த்துவிட்டு லொரேத்தா ஆலயம் வழியாக ஸ்ட்ராஹோவ் மடாலயத்துக்குப் போங்கள். மெல்லிய ஏற்றம்தான். லொரேத்தாவின் 27 மணிகள் மணிக்கொருமுறை பாட்டிசைக்கும். ஸ்ட்ராஹோவ் நூலகத்தின் இரண்டு மண்டபங்களையும் வாசலில் நின்றுதான் பார்க்க முடியும், உள்ளே நடக்க விடமாட்டார்கள். இதை அறியாமல் போய் ஏமாறுபவர்கள் உண்டு. அங்கிருந்து கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்த்ரானா பகுதி வரை இறக்கம் மட்டுமே. ஆனால் எல்லாம் கல் பதித்த பாதை. மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பில் மாலைக்குள் கால் வெந்துவிடும்.

இரண்டாம் நாளைப் பாலத்தில் தொடங்குங்கள். ஏழு மணிக்கு முன்னால் போங்கள். நான்காம் சார்ல்ஸ் 1357இல் தொடங்கிய பாலம் இது, 16 வளைவுகள், 516 மீட்டர் நீளம். அடிக்கல் நாட்டிய முகூர்த்தம் 1357, 9ஆம் தேதி, 7ஆம் மாதம், 5:31 மணி என்று சொல்வார்கள். சேர்த்து எழுதினால் 135797531, முன்னும் பின்னும் ஒரே மாதிரி. மன்னருக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இருந்தது, அதனால் கதை நன்றாகவே பொருந்துகிறது. சிலைகளில் பல இப்போது நகல்கள், மழையும் புகையும் அரித்ததால் மூலங்களை எடுத்து வைத்துவிட்டார்கள். பழைய நகரத்திலிருந்து கோட்டைப் பக்கம் நடந்தால் வலப்பக்கம், தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்களோடு நிற்பவர் புனித நெபோமுக் யோவான். 1393இல் ஆற்றில் எறியப்பட்டவர். சிலையின் கீழே வெண்கலத் தகடு கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்றிருக்கும்.

பிறகு பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரம். காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் சன்னல் திறந்து பன்னிரண்டு சீடர்கள் வலம் வருவார்கள், எலும்புக்கூடு மணியடிக்கும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். "இதுக்கா இவ்வளவு நேரம் நின்னோம்?" என்று முனகிக்கொண்டே கூட்டம் கலையும். அந்தப் பொம்மைகள் பிற்காலச் சேர்க்கை. அருமை கடிகாரத்தின் தட்டில் இருக்கிறது, அதற்குக் கூட்டமில்லாத அரை மணியில்தான் போக வேண்டும்.

1410இல் செய்த இந்தத் தட்டு ஒரு பஞ்சாங்கம். வெளி வளையத்தில் உள்ள பழைய கோதிக் எண்கள் பழைய செக் நேரம்: சூரியன் மறையும்போது 24 முடிந்து மறுபடி ஒன்று. நாம் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியது போல அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணினார்கள். மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் நகர்கிறது. உள்ளே ரோமன் எண்கள் இன்றைய 24 மணி நேரம். நீலப் பகுதி பகல், கருப்பு இரவு, இடையிலுள்ள செம்மை விடியலும் அந்தியும். நீலத்தின் மேல் ஓடும் தங்கக் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன. கோடையில் ஒவ்வொரு பங்கும் நீளும், குளிரில் சுருங்கும். ராகு காலத்தைச் சுத்தமாகக் கணிப்பவர்கள் பகல் பொழுதை எட்டாகப் பிரிப்பார்களே, அதே தருக்கம்.

தனியாகச் சுழலும் சிறு வளையம் ராசி மண்டலம். சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் என்று பார்க்கலாம். சந்திரக் கோளம் பாதி வெள்ளி, பாதி கருப்பு, தானே உருண்டு வளர்பிறை தேய்பிறை காட்டும். நம் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பாதீர்கள். இங்கே சூரியன் மேஷத்துக்குள் நுழைவது மார்ச் 20 வாக்கில், நமக்குச் சித்திரை முதல் நாள். அது சாயன முறை (பருவத்தை வைத்து ராசியை எண்ணுவது), நம்முடையது நிரயனம் (நட்சத்திரங்களை வைத்து எண்ணுவது), இடைவெளி சுமார் 24 பாகை. கோபுரத்தின் மேலே போக மின்தூக்கி இருக்கிறது, பெற்றோரையும் அழைத்துப் போகலாம்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் யோசெஃபோவ், பழைய யூதர் பகுதி. சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் அருங்காட்சியகம் மூடியிருக்கும், உங்கள் மூன்று நாளில் சனி எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க, நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய (இரண்டும் செக் நாட்டின் பகுதிகள்) யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள். 1968இல் நிலத்தடி நீர் ஏறியதால் கட்டடத்தை மூடினார்கள், பெயர்கள் அழிந்தன. 1990களில் ஒவ்வொன்றாக மறுபடி எழுதினார்கள். மாடியில் நாஜிகளின் தெரெசீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். அடுத்துள்ள இடுகாட்டில் சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இடம் விரிவாக்க அனுமதி இல்லாததால் மண் கொட்டி மேலே மேலே புதைத்தார்கள். மிகப் பழைய கல் 1439ஆம் ஆண்டினது. ஆண்கள் தலையை மூட வேண்டும், ஒரு தொப்பி கொண்டுபோங்கள்.

மூன்றாம் நாளுக்கு என் பரிந்துரை விஷெஹ்ராட். சிவப்பு நிற சி வழித்தட மெட்ரோவில் அதே பெயருள்ள நிலையம். மதில் மேல் நடக்கக் கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு, ஆறு வளைந்து வருவது முழுசாகத் தெரியும். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் திவோர்ஷாக், ஸ்மெதானா, எழுத்தாளர் காரெல் சாபெக் ஆகியோர் இருக்கிறார்கள். "ரோபோ" என்ற சொல் உலகுக்கு வந்தது சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து. ரொபோத்தா என்றால் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு, சோழர் கல்வெட்டுகளில் வரும் "வெட்டி" மாதிரி.

மாலையில் நடுநகரம் திரும்பினால் 1348இல் தொடங்கிய சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் கரோலினத்தைப் பார்த்துவிடுங்கள். தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்ததும் பின்னர் கற்பித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். பக்கத்திலேயே மோட்சார்ட் தன் "டான் ஜியோவன்னி" இசைநாடகத்தை 1787இல் முதன்முறை அரங்கேற்றிய நாடக அரங்கு. நேரமில்லை என்றால் தவிர்க்கக்கூடியவை: பாடகர் ஜான் லெனன் பெயரிலுள்ள ஓவியச் சுவர், மெழுகுச்சிலைக் காட்சி, சித்திரவதைக் கருவி அருங்காட்சியகம்.

சாப்பாடு. ஸ்விச்கோவா (குழம்பு ஊற்றிய இறைச்சித் துண்டுகள்), குலாஷ் (இறைச்சிக் குழம்பு) இரண்டும் பெரும்பாலும் மாட்டிறைச்சி, தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். சைவர்களுக்கு எங்கும் கிடைப்பது "ஸ்மஜெனி சீர்", ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி. "பெஸ் மாசா" என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் சூப்புக்கு எலும்புச்சாறு ஊற்றியிருக்கலாம், தனியாகக் கேளுங்கள். வார நாட்களில் 11 முதல் 2 வரை வாசலில் எழுதிவைக்கும் மதிய மெனு, மாலை விலையைவிட நல்ல மலிவு. மேசையில் கேட்காமல் வைக்கும் ரொட்டிக்கும் சில இடங்களில் காசு உண்டு. சதுக்கத்துக் கடைகளில் பன்றித்தொடைக்குப் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு, தட்டுக்கு அல்ல. அவர்கள் வெட்டித் தருவது அதைப்போல் பல மடங்கு. "பழைய செக் பலகாரம்" என்று விற்கும் த்ரதெல்னிக் சுருள் ரொட்டி சுற்றுலாப் பயணிகளுக்காகப் பரவிய சமீபத்திய வரவு. குழந்தைகள் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், பாரம்பரியம் என்று நம்ப வேண்டாம்.

சில பொதுக் கழிப்பறைகளில் காசு கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். மெட்ரோ நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். அதன்பிறகு 9இல் தொடங்கும் இரட்டை இலக்க எண்ணுள்ள இரவு டிராம்கள் ஓடும், அவை எல்லாம் லசார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும். விடுதி எந்தப் பக்கமாக இருந்தாலும் அங்கே வந்து மாறிக்கொள்ளலாம். 72 மணிச் சீட்டு அதற்கும் செல்லும்.