மேஸ்திரி பாதியில் விட்டுப்போனால் முதலில் அளவெடுங்கள்

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீடு கட்டுகிறேன். மேஸ்திரி பொள்ளாச்சிக்காரர், என் மச்சானுக்கு நெடுநாள் பழக்கம். அந்த நம்பிக்கையில் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. 1,200 சதுர அடி, பொருளோடு சதுர அடிக்கு 2,100 ரூபாய் என்று பேசினோம். இதுவரை 16 லட்சம் வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறேன். தளம் போட்டபின், கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் 3 லட்சம் வேண்டும் என்று வேலையை நிறுத்திவிட்டார். மோசடிப் புகார் கொடுக்கவா? வேறு ஆளை வைத்து முடிக்கவா?

பதில்: புகார் வேண்டாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் மோசடி. தளம் வரை கட்டியவர்மீது அது நிற்பது கடினம். மச்சான் மனவருத்தம் வீட்டோடு இருக்கட்டும். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். பொருளோடு ரேட் பேசியிருந்தால் விலையேற்றம் பொதுவாக மேஸ்திரி பொறுப்புதான். ஆனால் இடையில் சிமெண்ட் விலைக்கென்று கூடுதலாக ஏதாவது கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், ஏற்றத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக அவர் வாதிடுவார்.

வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: வேலை நின்ற நாளில் 16 லட்சத்துக்கான வேலை அங்கே இருந்ததா?

இதற்குப் பதில் கிடைக்கும்வரை புது மேஸ்திரியை உள்ளே விடாதீர்கள். இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் என்னிடம் வருகிற பலர் இங்கேதான் விழுகிறார்கள். மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று வேறு ஆளை வைத்து, சுவர் பூசி, தரை போட்டு, பால் காய்ச்சிவிட்டு வருவார்கள். பிறகு நீதிமன்றம் இடத்தைப் பார்த்துவர ஆணையரை அனுப்பினாலும் யார் எதைக் கட்டினார் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய மேஸ்திரியோ, மீதி வேலையும் என்னுடையதுதான், பாக்கியைக் கொடு என்று எதிர்வழக்குப் போடுவார்.

அதனால் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி, இன்ன தேதியில் அளவெடுக்கிறோம், வாருங்கள் என்று அவரை அழையுங்கள். வராவிட்டாலும் பொறியாளரை வைத்து அளந்து, மதிப்பீடும் தேதியுள்ள படங்களும் வாங்கிவிடுங்கள். வேலையிடத்தில் கிடக்கும் கம்பி, சிமெண்ட் மூட்டைகளையும் எண்ணி எழுதுங்கள்.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் பாலக்காட்டிலேயே 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம். சிவில் வழக்கென்றால் தீர்ப்பு வாங்கியபின், அதை மேஸ்திரியின் ஊரான பொள்ளாச்சி நீதிமன்றத்துக்கு மாற்றி அங்கே நிறைவேற்ற வேண்டியிருக்கும். அந்த அலைச்சலையும் கணக்கில் வையுங்கள்.

மதிப்பீட்டில் வித்தியாசம் ஒன்றிரண்டு லட்சம்தான் என்றால் சமாதானமாகப் போங்கள். கம்பி ஏற்றத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு, பூச்சு முடிந்தால் இவ்வளவு, தரை முடிந்தால் இவ்வளவு என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டபின் அடுத்த பணத்தைக் கொடுங்கள்.