குழந்தையின் கை அசையவில்லை: வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: கர்ப்பக் காலத்தில் எனக்குச் சர்க்கரை இருந்தது. பிரசவத்தில் தலை வெளியே வந்த பிறகு தோள் மாட்டிக்கொண்டது. குழந்தை 4.3 கிலோ. பிறந்ததிலிருந்து வலது கை தொங்கிக்கிடக்கிறது. நரம்பு பாதிப்பு என்கிறார்கள். இப்போது இரண்டு மாதம். மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் கை அசையவில்லை என்பது மட்டும் வழக்கில் வெல்லப் போதாது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல், பிரசவம் முறையாகப் பார்த்தபோதும் சில சமயம் இழுபட்டுவிடும். சிசேரியனிலும் அபூர்வமாக நேர்வதுண்டு. ஆபத்தை முன்பே உங்களிடம் சொன்னார்களா, தோள் சிக்கியதும் என்ன செய்தார்கள் என்ற இரண்டில்தான் வழக்கு இருக்கிறது.

முதல் கேள்வியில் உங்கள் பக்கம் வலு உண்டு. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தையின் தோளும் மார்பும் தலையைவிட அதிகமாகப் பருக்கும்; தலை வந்துவிடும், தோள் இடுப்பெலும்பின் பின்னால் நின்றுவிடும். முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கியது, தாயின் உடல் பருமன், ஆயுதம் அல்லது வாக்குவம் போட்டு எடுத்தது ஆகியவையும் கணக்கில் வரும். சர்க்கரை உள்ள தாய்க்கு இந்த ஆபத்தையும் சிசேரியன் என்ற வழியையும் சொல்லியிருக்க வேண்டும் என்று 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மான்ட்கோமரி வழக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு, ஸ்கேனில் எடை துல்லியமாகத் தெரியாது என்று வாதிடும். அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் சர்க்கரை இருந்தது அவர்களுக்குத் தெரியுமே.

இரண்டாவதற்குக் கேஸ் ஷீட்தான் சாட்சி. தலை வந்த நேரம், உடல் வந்த நேரம், யாரை எப்போது உதவிக்குக் கூப்பிட்டார்கள், தாயின் கால்களை வயிற்றோடு மடக்கினார்களா, அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே அழுத்தினார்களா என்று பாருங்கள். தோள் சிக்கிய நிலையில் மேல்வயிற்றை அமுக்குவதும் தலையைப் பிடித்து வேகமாக இழுப்பதும் தவறு. எந்தத் தோள் முன்பக்கம் இருந்தது என்பதும் முக்கியம்: வலது தோள் பின்பக்கம் இருந்ததாகப் பதிவாகியிருந்தால், 'நாங்கள் இழுத்ததால் வந்ததல்ல' என்பார்கள்.

இன்றே எழுத்து மூலம் கேளுங்கள்: கர்ப்பக் காலப் பரிசோதனை அட்டை, சர்க்கரை, ஸ்கேன் அறிக்கைகள், பார்ட்டோகிராம் (பிரசவம் எப்படி முன்னேறியது என்ற வரைபடப் பதிவு), குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு, பிரசவக் குறிப்பு, நர்ஸ் குறிப்புகள், குழந்தை மருத்துவரின் முதல் பரிசோதனைக் குறிப்பு. உடன் இருந்தவர் கண்டதை மறப்பதற்குள் தேதியிட்டு எழுதட்டும். பிறகு, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத மகப்பேறு நிபுணரின் கருத்து வேண்டும். அது இல்லாமல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

சிகிச்சையை வழக்குக்காக நிறுத்திவைக்க வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடும். ஆனால் மூன்று மாதத்திலும் முழங்கை மடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும். அதற்கு உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான். தாமதித்தால் கைக்கும் கேடு, இழப்பீட்டையும் குறைக்கக் கேட்பார்கள்.

காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். குழந்தையின் உரிமைக்கு நீண்ட அவகாசம் தரும் சட்டங்களிலும் பெற்றோரின் கோரிக்கைக்குக் காலம் குறைவாக இருக்கலாம். உள்ளூர் வழக்கறிஞரிடம் இதை முதலில் கேளுங்கள். கை எவ்வளவு தேறும் என்று தெரியும் முன் எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.